பள்ளி போர்ட்டல் திறந்து கிடந்தது சரி, நீங்கள் ஏன் 43 பக்கம் எடுத்தீர்கள்?

கேள்வி: மகள் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு. பள்ளியின் கட்டண போர்ட்டல் லிங்கில் கடைசியில் உள்ள சேர்க்கை எண்ணை மாற்றினால் மற்ற பிள்ளைகளின் போட்டோ, வீட்டு முகவரி, அப்பாவின் செல் நம்பர், ஆதார் எண் எல்லாம் வருகிறது. முதல்வரிடம் சொன்னேன், நிற்க வைத்தே பேசினார், மதிக்கவில்லை. ஆதாரத்துக்காக 43 பிள்ளைகளின் பக்கங்களை எடுத்து, சிலவற்றைப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இப்போது எனக்கே வக்கீல் நோட்டீஸ். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: முதல்வர் உங்களை நிற்க வைத்துப் பேசியது, அலட்சியம் செய்தது எதுவும் வழக்குக்கு உதவாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி வரை அபராதம் என்று படித்திருப்பீர்கள். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. பள்ளியைக் கட்டிப்போடும் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அபராதமும் அரசு கஜானாவுக்குத்தான் போகும், உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ-யில் கேட்கலாமென்றால் என்ன நஷ்டம் என்று காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

சிக்கல் உங்கள் போனில் இருக்கிறது. பூட்டாத வீடு என்பதற்காக உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கி வரலாமா? அனுமதியில்லாமல் தரவை எடுத்தால் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43. நேர்மையற்ற நோக்கம் என்று சேர்த்துவிட்டால் பிரிவு 66, மூன்று ஆண்டு வரை சிறை. உங்கள் நோக்கம் நல்லதுதான், நம்புகிறேன். ஆனால் அது விசாரணையில் நிரூபிக்க வேண்டிய விஷயம். அதற்குள் போனையும் லேப்டாப்பையும் எடுத்துப் போயிருப்பார்கள். அப்புறம் அதே சட்டத்தின் பிரிவு 77ஏ. இந்தக் குற்றங்களை நீதிமன்றத்திலேயே சமரசம் செய்யலாம், ஆனால் 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான குற்றமென்றால் கிடையாது. எடுத்ததெல்லாம் பிள்ளைகளின் விவரம். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டால் வழக்கையே ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆகவே பேசுவதென்றால் எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் பேசுங்கள்.

என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் நோட்டீஸுக்குத் தாங்களே பதில் எழுதிவிட்டுத்தான் வருவார்கள். 'ஆமாம், எடுத்தேன், குழந்தைகளுக்காக எடுத்தேன்' என்று ஒரு வீர வசனம் அதில் இருக்கும். அதற்குப் பெயர் எழுத்துமூல வாக்குமூலம். இன்னும் சிலர் பயந்துபோய் போனை ரீசெட் செய்துவிடுவார்கள். அது தடயத்தை அழித்த கதையாகிவிடும்.

படங்களை எல்லோரும் நீக்கச் சொல்லி குரூப்பில் ஒரு வரி போடுங்கள். உங்கள் போனில் மட்டும் எதையும் அழிக்காதீர்கள். மற்ற பிள்ளைகளின் பக்கங்களை இனி யாருக்கும், போலீஸ் நண்பருக்கும்கூட, காட்ட வேண்டாம். ஓட்டையைப் பற்றி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவியுங்கள், உங்கள் மகளின் பக்கத்தை மட்டும் வைத்து. நோட்டீஸுக்கு வக்கீல் சமரசம் பேசிப் பதில் எழுதட்டும்: பள்ளி போர்ட்டலைச் சரிசெய்யும், நீங்கள் எடுத்ததைப் பயன்படுத்த மாட்டீர்கள், இருவரும் போலீஸில் புகார் கொடுப்பதில்லை. இது செய்தியானால் பள்ளிக்கும் சேர்க்கை அடிபடும், ஒத்துக்கொள்வார்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டுப் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.