புதிய வைரஸ் நோய் ஒன்று கிளம்பினால் அதை எப்படிப் புரிந்துகொண்டு கட்டுப்படுத்துகிறார்கள்? சில நோய்கள் அடங்கிவிட, சில உலகம் முழுக்கப் பரவுவது ஏன்?

கேள்வியின் பிற்பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முற்பாதிக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

2003-ல் உலகை மிரட்டியது சார்ஸ். 2019 கடைசியில் கிளம்பியது கோவிட். இரண்டும் கொரோனா வைரஸ்கள், நெருங்கிய உறவுகள். எந்தத் தடுப்பும் இல்லாதபோது ஒரு நோயாளி சராசரியாக இரண்டு மூன்று பேருக்குத் தொற்றவைத்தார் என்பதிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனாலும் சார்ஸ் 8,096 பேரைத் தொற்றி, 774 உயிர்களைப் பறித்து, 2003 ஜூலையில் நின்றுவிட்டது. அதற்குத் தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. நோயாளிகளைப் பிரித்து வைத்தே நிறுத்தினார்கள். கோவிட்டுக்கு அதே வழி போதவில்லை.

காரணம் இதுதான். சார்ஸில் காய்ச்சல் முதலில் வந்தது, பிறருக்குத் தொற்றும் தன்மை பிறகு வந்தது. மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் உச்சத்தைத் தொட்டது நோயின் இரண்டாம் வாரத்தில். அதற்குள் நோயாளி பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்திருந்தார். அதனால்தான் சார்ஸ் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளராக இருந்தார். ஊருக்குள் பரவல் ஒப்பீட்டளவில் குறைவு. கோவிட்டில் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடுகிறது. காய்ச்சல் வந்தவரைப் பிடித்துத் தனியே வைக்கும்போது வைரஸ் பாதி வேலையை முடித்திருக்கும்.

ஆகவே புதிய நோய் ஒன்று வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை பேர் சாவார்கள்?’ என்பது. அதைவிட முன்னால் கேட்க வேண்டியது: அறிகுறி முந்துகிறதா, தொற்றும் தன்மை முந்துகிறதா? எபோலா கொடூரமானது, ஆனால் அறிகுறி வரும்வரை தொற்றாது. பெரியம்மையும் அப்படித்தான், நோய் முகத்திலேயே எழுதியிருந்தது, அதை ஒழிக்க அதுவும் உதவியது. இன்ஃப்ளூயன்சா ஒரு நாள் முந்திக்கொள்கிறது. போலியோ இன்னும் கடினம்: சுமார் 200 தொற்றுகளில் ஒருவருக்குத்தான் வாதம் வரும், மற்றவர்கள் தெரியாமலே பரப்புவார்கள். அங்கே நோயாளியைத் தேடுவது மட்டும் போதாது, கழிவுநீரையும் சோதிக்க வேண்டும்.

இந்த விடையை எங்கிருந்து எடுக்கிறார்கள்? ஆய்வகத்திலிருந்து மட்டும் அல்ல. களப்பணியாளர் நிரப்பும் நோயாளர் பட்டியலிலிருந்து. ஒரு வரிக்கு ஒரு நோயாளி. வயது, பால், தொழில், இருப்பிடம், அறிகுறி தொடங்கிய நாள், மருத்துவமனையில் சேர்ந்த நாள், மாதிரி எடுத்த நாள், முடிவு, யாரிடமிருந்து தொற்றியிருக்கலாம், கடைசியில் என்ன ஆனார். இதில் உயிர்நாடி ‘அறிகுறி தொடங்கிய நாள்’ என்ற கட்டம்தான். அவசரத்தில் அதை விட்டுவிட்டுச் சோதனை முடிவு வந்த நாளை எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் நோய் எப்படிப் பரவியது என்பதை அல்ல, ஆய்வகம் எந்த வேகத்தில் வேலை செய்தது என்பதைத்தான் வரைபடம் காட்டும். யாருக்கு யார் கொடுத்தார் என்று உறுதியாகத் தெரிந்த ஐம்பது ஜோடிகள் கிடைத்தாலே, இருவருக்கும் அறிகுறி தொடங்கிய நாள்களின் இடைவெளியைக் கணக்கிடலாம். அந்த இடைவெளி நோயரும்பு காலத்தைவிட (கிருமி உள்ளே போன நாளிலிருந்து முதல் அறிகுறி வரை) குறைவாகத் தெரிந்தால் அது அபாய மணி: அறிகுறிக்கு முன்பே தொற்றுகிறது என்று பொருள்.

இந்தப் பட்டியலை வாசிப்பதில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, கடைசி ஒரு வாரத்தில் எண்ணிக்கை சரிவதுபோல எப்போதும் தோன்றும். இப்போது நோயுற்றவர்களில் பலர் இன்னும் பட்டியலுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்து ‘குறைகிறது’ என்று அறிவித்துவிடக் கூடாது. இரண்டாவது, யாரை நோயாளி என்று எண்ணுவது என்ற வரையறை மாறினால் எண்ணிக்கையும் தாவும். 2020 பிப்ரவரியில் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 15,000 பேர் கூடினார்கள். நோய் தாவவில்லை, ஸ்கேன் பார்த்து மருத்துவர் முடிவுசெய்தவர்களையும் அன்று முதல் சேர்த்தார்கள். மூன்றாவது, இறப்பு விகிதம். பரவல் ஏறிக்கொண்டிருக்கும்போது, இன்றுவரை இறந்தவர்களை இன்றுவரை பதிவானவர்களால் வகுத்தால் விடை குறைவாகவே வரும், படுக்கையில் இருப்பவர்களின் கதி இன்னும் முடிவாகவில்லையே. சார்ஸில் தொடக்கத்தில் சுமார் 4 சதவீதம் என்றார்கள், முடிவில் 9.6. லேசான நோயாளிகளைக் கண்டுபிடிக்காமல் விட்டாலோ விடை உண்மையைவிட அதிகமாக வரும்.

இதற்கெல்லாம் முன்னால், இது புதிய நோய் என்று ஒருவருக்கு உறைக்க வேண்டும். மலேசியாவில் 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் மூளைக்காய்ச்சல் கண்டபோது அது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுசெய்தார்கள். சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி இருந்தது உண்மை. கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிப் பண்ணையில் வேலை செய்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். அதே கொசுக்கடிக்கு நடுவில் வாழ்ந்து, பன்றியைத் தொடாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. பன்றிகளோ குரைப்பதுபோல இருமின. 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் என்ற இளம் வைரஸ் ஆய்வாளர் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயர் அதற்கு வந்தது. பண்ணையை ஒட்டிய பழமரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்டதைப் பன்றிகள் தின்றதே வழி என்று கருதப்படுகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பிறகே நின்றது. மலேசியாவில் 265 பேருக்கு வந்தது, 105 பேர் இறந்தார்கள். ஒரு நோய்க்குப் பெயர் வைத்தபின் பொருந்தாத தகவல் வந்தால், தகவலைத் தள்ளாமல் பெயரைச் சந்தேகிக்க வேண்டும். ஆறு மாதம் அங்கேதான் போயிற்று.

மாதிரி எடுப்பதில் சின்னத் தவறுகள் பெரிய விலை கேட்கும். பி.சி.ஆர். சோதனைக்கான குச்சி செயற்கை இழை முனையும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளதாக இருக்க வேண்டும். மரத்தண்டும் கால்சியம் ஆல்ஜினேட் முனையும் சோதனையைக் கெடுக்கும். எடுத்ததும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். மூன்றடுக்குப் பொதி: கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாம் கலம், வெளியே கெட்டிப் பெட்டி. விவரப் படிவத்தைக் குழாயோடு சேர்த்துச் சுற்றாமல் இரண்டாம் கலத்துக்கு வெளியே வையுங்கள். குழாய் உடைந்தால் படிவமும் தொற்றுப்பொருளாகிவிடும். ‘நெகட்டிவ்’ என்ற ஒரு சொல்லை நம்பி ஆளை அனுப்பிவிடுவதும் ஆபத்து. எபோலாவில் அறிகுறி தொடங்கிய முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தம் நெகட்டிவ் காட்டலாம். அதற்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

கட்டுப்படுத்துவது என்றால் நோயை உடனே பூஜ்யமாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு. ஒருவர் 2.5 பேருக்குக் கொடுக்கிறார், ஒரு தலைமுறைக்கு (ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்ற ஆகும் காலம்) 5 நாள் என்று வையுங்கள். 30 நாளில் ஆறு தலைமுறை. ஆறாம் தலைமுறையில் ஒருவர் 244 பேராகிவிடுவார். அந்த 2.5-ஐப் பாதியாக்கி 1.25 ஆக்கினால் அதே தலைமுறையில் 4 பேர்கூட இல்லை. ஒன்றுக்குக் கீழே தள்ளினால் தானாக அணையும்; அதற்குப் பத்தில் ஆறு தொற்றுகளுக்குச் சற்று மேல் தடுத்தால் போதும். எனவே ஒற்றைத் தடுப்பு முழுமையாக இருக்க வேண்டியதில்லை. முகக்கவசம், காற்றோட்டம், விரைந்த சோதனை என்று அரைகுறையானவை பல சேர்ந்தே அந்த ஆறைத் தொட்டுவிடும்.

‘சராசரி’ என்பதும் ஏமாற்றும். பெரும்பாலோர் யாருக்கும் கொடுப்பதில்லை, சிலர் பத்துப் பேருக்குக் கொடுக்கிறார்கள். தென்கொரியாவில் 2015-ல் மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோய் வந்தபோது மொத்தம் 186 பேருக்குத் தொற்றியது. அதில் 82 பேர், ஒரு மருத்துவமனையின் நெரிசலான அவசரப் பிரிவில் மூன்று நாள் இருந்த ஒரே நோயாளியிடமிருந்து பெற்றவர்கள். இப்படிப்பட்ட நோயில் ‘இவர் யாருக்குக் கொடுத்தார்?’ என்று முன்னோக்கித் தேடுவதைவிட, ‘இவருக்கு எங்கே வந்தது?’ என்று பின்னோக்கிப் போவது அதிகப் பலன் தரும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் இன்னும் தெரியாத இருபது பேர் அங்கே கிடைப்பார்கள்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயுற்றவரைப் பிரித்து வைப்பதையும், நோயாளியோடு பழகிய நலமானவரை வெளியே விடாமல் கண்காணிப்பதையும் நாம் ‘தனிமைப்படுத்தல்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். களத்தில் இந்தக் குழப்பம் ஆளைக் கொல்லும். இருவகையினரையும் ஒரே கூடத்தில் அடைத்தால், தொற்றாதவருக்கும் நாமே தொற்றவைத்ததாகிவிடும். நோயாளிக்குத் தனி அறை. பழகியவருக்கு வேறு இடம், அதிலும் ஆளுக்கு ஆள் இடைவெளி.

பழகியவர்களைக் கண்காணிக்கும் காலம் நோயரும்பு காலத்தின் உச்ச எல்லை. எபோலாவுக்கு 21 நாள். தினம் நேரில் போய்க் காய்ச்சல் பார்க்க வேண்டும், மாத்திரை ஏதும் போட்டாரா என்றும் கேட்க வேண்டும். ஒரு பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். சோறு, பால், கூலி நின்றுபோனால் யாரும் 21 நாள் வீட்டில் இருக்கமாட்டார்கள். அதைக் கொடுக்காத அரசு காவலர்களை நிறுத்திப் பயனில்லை. கட்டுப்பாடு பலிக்கிறதா என்று அறிய நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒரே எண்: இன்று உறுதியான நோயாளிகளில் எத்தனை பேர் ஏற்கெனவே கண்காணிப்புப் பட்டியலில் இருந்தவர்கள்? எல்லோரும் இருந்தால் நோய் நம் கைக்குள் இருக்கிறது. பாதிப்பேர் இல்லையென்றால், நமக்குத் தெரியாத சங்கிலி ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, மொத்த எண்ணிக்கை எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

மருத்துவமனைக்குள் ஆபத்தான நேரம் கவச உடையைக் கழற்றும் நேரம். களைப்பு, வியர்வை, அவசரம். கூடவே ஒருவர் நின்று ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு படிக்குப் பிறகும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். முகக்கவசம் கடைசியில், பின்பக்க நாடாவைப் பிடித்து. கிருமிநாசினிக் கரைசலிலும் அளவு முக்கியம். பரப்புகளுக்கு 0.5 சதவீத குளோரின். 5 சதவீத பிளீச் திரவம் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், புட்டியில் 3.5 என்று போட்டிருந்தால் ஆறு பங்குதான். புட்டியின் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து ஒன்றைக் கழித்தால் தண்ணீரின் பங்கு கிடைக்கும். தினம் புதிதாகக் கலக்க வேண்டும், பழையது வீரியம் இழந்துவிடும். ரத்தம், வாந்தியின் மேல் நேராகத் தெளித்தால் துளி சிதறும், குளோரினும் அந்த அழுக்கிலேயே செலவழிந்துபோகும். துணியால் மூடி, மெதுவாக ஊற்றி, 15 நிமிடம் விட்டுத் துடைத்து, பிறகு மறுபடி கிருமிநீக்கம் செய்ய வேண்டும். ஆள்மேல் தெளிப்பது வேண்டவே வேண்டாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை 28,600 பேரைத் தொட்டு 11,300 பேரைக் கொன்ற எபோலாவில் இறந்தவர் உடல்தான் மிகக் கடுமையாகத் தொற்றியது. உடலைக் குளிப்பாட்டித் தொட்டு அனுப்புவது அங்கே வழக்கம். அதிகாரிகள் உடலைப் பறித்துப் புதைத்தபோது குடும்பங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தன. தொடாமல், ஆனால் குடும்பம் தூரத்தில் நின்று பிரார்த்தித்து, கல்லறையில் பெயரும் இருக்கும்படி மாற்றிய பிறகே ஒத்துழைப்பு வந்தது. 2015-ல் கினியில் சோதிக்கப்பட்ட வளையத் தடுப்பூசியும் (நோயாளியோடு பழகியவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என இரு வளையங்களுக்கு மட்டும் போடுவது) அந்த நம்பிக்கை இருந்தால்தான் நடக்கும். யாரோடு பழகினேன் என்று மக்கள் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

முடிந்தது என்று எப்போது அறிவிப்பது? எபோலாவில், கடைசி நோயாளி சோதனையில் நெகட்டிவ் ஆன அல்லது அடக்கமான நாளிலிருந்து 42 நாள், அதாவது 21-இன் இரு மடங்கு. அதற்குப் பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும். 2021-ல் கினியில் மறுபடி எபோலா வந்தபோது அதன் மரபணு வரிசை 2014–16 வைரஸிலிருந்து மிகக் கொஞ்சமே மாறியிருந்தது. வௌவாலிடமிருந்து புதிதாக வரவில்லை, பிழைத்த ஒருவர் உடலில் ஐந்தாண்டுக்கு மேல் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. அதனால்தான் குணமான ஆண்களுக்கு நோய் தொடங்கி மூன்று மாதம் கழித்து விந்துச் சோதனை தொடங்கி, ஒரு வார இடைவெளியில் இரு முறை நெகட்டிவ் வரும்வரை தொடர்கிறார்கள். சோதனை கிடைக்காவிட்டால் 12 மாதம் ஆணுறை கட்டாயம். இதைச் சொல்லும்போது அவரைக் குற்றவாளிபோல நடத்தினால் அடுத்த மாதம் சோதனைக்கு வரமாட்டார்.