புது காரில் இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது?

கேள்வி: கார் எடுத்து 1,000 கி.மீ. ஆகிறது. முதல் ஆயிலை உடனே மாற்றிவிடு என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். சர்வீஸ் சென்டரில் 10,000 கி.மீ. வரை தொடவே வேண்டாம் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

காருடன் வந்த மேனுவலின் பேச்சை. ஆனால் நண்பர் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. புது இன்ஜினின் சிலிண்டர் சுவரில் மிக நுண்ணிய குறுக்குக் கோடுகள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங்குகள் அந்தக் கோடுகளின் மேடுகளை உரசித் தேய்த்துத்தான் சுவரோடு சரியாகப் பொருந்துகின்றன. அப்போது உதிரும் உலோகத் துகள் ஆயிலில் கலக்கிறது. அந்தக் காலத்து இன்ஜின்களில் இந்தத் தேய்மானம் அதிகம். அதனால் 1,000 கி.மீ.யில் ஆயிலை வடிப்பது எழுதப்பட்ட விதியாகவே இருந்தது.

இன்று கடைசல் வேலை மிகத் துல்லியமாக நடக்கிறது, ஃபில்டரும் மேம்பட்டிருக்கிறது. அதனால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் முதல் மாற்றத்தையும் வழக்கமான கெடுவிலேயே செய்யச் சொல்கிறார்கள். சிலர் தொழிற்சாலையில் ஊற்றும் முதல் ஆயிலில், பாகங்கள் பழகும் காலத்துக்கென்று மாலிப்டினம் போன்ற சேர்மானங்களைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதைச் சீக்கிரம் வடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: பிஎம்டபிள்யூவின் எம் வகை கார்களுக்கு 2,000 கி.மீ. அளவில் ஆயில் மாற்றத்தோடு ஒரு சர்வீஸ் கட்டாயம். ஆகவே உங்கள் மாடலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

மேனுவல் தடுக்காத பட்சத்தில், மன நிம்மதிக்காக ஒருமுறை முன்கூட்டியே மாற்றினால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் மாற்றத்தை முந்திச் செய்வதில் காட்டும் அக்கறையை, ஐந்தாவது ஆறாவது மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பதில் காட்டுங்கள். நான் பார்த்தவரை இன்ஜின்கள் கெடுவது அங்கேதான். முதல் 1,500 கி.மீ. வரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்காமல், ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாமல், இழுவைப் பாரம் கட்டாமல் இருப்பதும் நல்ல பலன் தரும்.

கேள்வி: வருடத்துக்கு 4,000 கி.மீ. கூட ஓடாது. வீட்டிலிருந்து அலுவலகம் 3 கி.மீ., அவ்வளவுதான். 10,000 கி.மீ. வரும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. மேனுவலில் "10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது" என்பதுபோல் இருக்கும். பலர் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு முக்கியம் இரண்டாம் பாதி.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். 3 கி.மீ. ஓட்டத்தில் ஆயில் அந்தச் சூட்டை எட்டாது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். ஆயில் சூடாவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலும் கூடுதலாகப் பாய்கிறது, அதிலும் கொஞ்சம் ஆயிலில் சேர்கிறது. ஈரமும் எரிபொருளும் அமிலமும் சேர்ந்தால் நாளடைவில் ஆயில் கசடாக மாறும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெளிர்மஞ்சளாகக் குழைந்த பசை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் இந்த ஈரத்தின் வேலை. கூடவே கூலன்ட் அளவும் குறைந்தால் கதை வேறு. இன்ஜினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாக இருக்கலாம், ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். மற்றபடி வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் போதும். நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுவது இதற்கு ஈடாகாது.

கேள்வி: மேனுவலில் "கடினமான பயன்பாடு" என்று தனி அட்டவணை இருக்கிறது. நான் டாக்ஸி ஓட்டவில்லை, அது எனக்கு எதற்கு?

நகரத்தில் ஓட்டும் பாதிப்பேருக்காவது பொருந்துவது அந்த அட்டவணைதான் என்பேன். குறுகிய தூரம், நெரிசலில் நின்று நின்று போவது, புழுதி, கடும் வெயில், மலைப்பாதை, பாரம் இவையெல்லாம் அதில் வரும். கெடு பல மாடல்களில் பாதியாகக் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் சராசரி 80 கி.மீ. வேகத்தில் போனால் 10,000 கி.மீ.க்கு இன்ஜின் ஓடுவது 125 மணி நேரம். நெரிசலில் சராசரி 20 கி.மீ. என்றால் அதே தூரத்துக்கு 500 மணி நேரம். மீட்டரில் ஒரே எண்தான், ஆயில் உழைத்ததோ நான்கு மடங்கு நேரம்.

கேள்வி: மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆயில் கறுத்துவிட்டது. கலப்படமா?

டீசல் என்றால் சில நாளிலேயே கறுப்பது இயல்பு. புகைக்கரியை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. நிறத்தை வைத்தோ, விரலில் தேய்த்துப் பார்த்தோ முடிவு செய்ய முடியாது. பால் போல வெளுத்திருந்தாலோ மினுக்கும் துகள் நிறையத் தெரிந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: டிஸ்பிளேயில் ஆயில் ஆயுள் 40 சதவீதம் என்று காட்டுகிறது. ஆனால் வருடம் முடிந்துவிட்டது.

மாற்றிவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அந்த எண் ஆயிலைச் சோதித்துச் சொல்வது இல்லை. இன்ஜின் சுற்று, வெப்பம், எத்தனை முறை ஸ்டார்ட் செய்தீர்கள் என்பவற்றை வைத்துப் போடும் கணிப்பு அது. நல்ல கணிப்புதான், நம்பலாம். ஆனால் உள்ளே எந்த ஆயிலை ஊற்றினார்கள் என்பது அதற்குத் தெரியாது. மாற்றியபின் ரீசெட் செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்யாவிட்டால் பழைய கணக்கே தொடரும்.

கேள்வி: டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) அளவு குறையவில்லை, மேல் கோட்டைத் தாண்டிக் கூடியிருக்கிறது. நல்லதுதானே?

நல்லதில்லை. முதலில் அளவைச் சரியாகப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, முழுதாகச் சொருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரு பக்கமும் வேறு வேறு அளவு காட்டினால் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் கூடியிருந்தால் சர்வீஸில் அதிகம் ஊற்றியிருக்கலாம், அல்லது எரிபொருள் கலந்திருக்கலாம். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களிலும், புகைக்கரி ஃபில்டர் உள்ள டீசல் கார்களிலும், குறுகிய ஓட்டமே வாடிக்கை என்றால் இது நடக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகளுக்குப் பாதுகாப்பு போய்விடும். அளவு மிகவும் ஏறினால் இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். கெடு வரவில்லையே என்று பார்க்காமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: மேனுவலில் சொன்ன 0டபிள்யூ-20 ஆயில் தண்ணீராக இருக்கிறது, 15டபிள்யூ-40 ஊற்றினால் இன்ஜின் உழைக்கும் என்கிறார் மெக்கானிக்.

வேண்டாம். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின் எண் சூட்டில் அதன் தடிமனையும் குறிக்கும். உங்கள் இன்ஜினின் இடைவெளிகளும் ஆயில் பம்பும் வால்வு டைமிங் அமைப்பும் மெல்லிய ஆயிலுக்கென்றே செய்யப்பட்டவை. மேனுவலில் உள்ள தரக்குறியீட்டையும் பாருங்கள். டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் நேரம் தவறி எரிந்து பிஸ்டனை உடைக்கும் சிக்கல் உண்டு. அதைத் தடுப்பது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ வகுத்து 2020-ல் வந்த எஸ்பி ஆயில் தரத்தின் தேவைகளில் ஒன்று.

கேள்வி: சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஆயில் மாற்ற நேரம் வந்துவிட்டதா?

இல்லை, ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். பாதுகாப்பாக ஓரம்கட்டி, அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள். பக்கத்துத் தெரு வரைகூட ஓட்ட வேண்டாம்.

கேள்வி: வீட்டிலேயே நானே மாற்றலாமா?

தாராளமாக. ஃபில்டரையும் வடிகால் போல்ட்டின் வாஷரையும் கூடவே மாற்றுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதை மாட்டினால் மொத்த ஆயிலும் பீய்ச்சி வெளியேறும். வாரன்ட்டி நிபந்தனையை முன்பே படித்துவிட்டு, ஆயில் ரசீதில் தேதியையும் கி.மீ.யையும் எழுதி வையுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடிய கேனில் பிடித்துச் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.