ஃபேனை நிறுத்தச் சொன்னது யார்?

கேள்வி: பூமி சூடாகாமல் இருக்க எல்லோரும் மின்சாரத்தையும் எரிபொருளையும் குறைக்க வேண்டும் என்கிறார்கள். சித்திரை வெயிலில் நான் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் பனிமலை உருகாமல் நின்றுவிடுமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: நிற்காது. உங்களுக்கு வேர்த்துக் கொட்டும், அவ்வளவுதான். ஃபேனை நிறுத்த வேண்டாம். ஒருமுறை நிமிர்ந்து அதைப் பாருங்கள்.

பழைய ஃபேன் என்றால் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். கடையில் பி.எல்.டி.சி. என்று, குறைந்த கரன்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த ஃபேன் விற்கிறார்களே, அது அதே காற்றை 30 வாட் சொச்சத்தில் தருகிறது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட் மிச்சம். அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அதாவது, காற்று துளிகூடக் குறையாமல், உங்கள் கூடத்து ஃபேன் ஒன்றுக்காக மட்டும் தினமும் இரண்டு கை நிறைய நிலக்கரி வீணாகிறது.

அப்புறம் ஏன் யாரும் மாற்றவில்லை? விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைவிடப் பெரிய காரணம், ஃபேன் வாங்கி மாட்டுபவர் வீட்டுக்காரர், கரன்ட் பில் கட்டுபவர் குடியிருப்பவர். இருப்பதில் மலிவானதை மாட்டிவிட்டு அவர் போய்விடுகிறார். இதில் உங்கள் மனசாட்சியை உலுக்கி ஒரு பயனும் இல்லை. விலையும் விதியும் மாற வேண்டும்.

மாறினால் என்ன ஆகும் என்பதை பல்பில் பார்த்தோம். 2014-ல் மத்திய அரசு நிறுவனம் ஒரு எல்.இ.டி. பல்பை 300 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. கோடிக்கணக்கில் மொத்தமாகக் கொள்முதல் செய்ததில் மூன்றே வருடத்துக்குள் விலை 40 ரூபாய்க்குள் வந்தது. 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடி பல்புகளுக்கு மேல் விநியோகமாகின. யாரும் இருட்டில் உட்காரவில்லை. குண்டு பல்புதான் போனது.

கூடவே ஒரு வினையும் வந்தது. ‘எல்.இ.டி.தானே’ என்று வாசல் விளக்கு இப்போது விடிய விடிய எரிகிறது. சிக்கனமான இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடுமே தவிரக் குறையாது என்று ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1865-லேயே எழுதிவிட்டார். அவர் சொன்னது முழுக்கப் பலிக்காவிட்டாலும் ஒதுக்கிவிட முடியாத எச்சரிக்கை.

ஒரு நாடே குறைத்த கதை வேண்டுமா? ஜப்பான், 2011. புகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகள் வரிசையாக நின்றன. அந்தக் கோடையில் டோக்கியோ வட்டாரத்திலும் வடகிழக்கிலும் பெரிய நுகர்வோர் உச்ச நேர மின் தேவையை 15 சதவீதம் குறைத்தே ஆக வேண்டும் என்று சட்டப்படி உத்தரவானது. கார் தொழிற்சாலைகள் வியாழனும் வெள்ளியும் விடுமுறை விட்டு சனி, ஞாயிறு ஓடின. ரயில் நிலையங்களில் எஸ்கலேட்டர்கள் நின்றன. அலுவலகங்களில் டியூப் லைட்டுகளைக் கழற்றி வைத்தார்கள். 15 சதவீதத்துக்கு மேலேயே குறைந்தது. (அணு மின்சாரம் போன இடத்தில் எரிவாயுவை எரித்ததால் அவர்களுடைய கரியமில வாயுக் கணக்கு கூடியது என்பது வேறு விஷயம்.)

சரி, யார் குறைப்பது? சராசரி இந்தியர் வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட் செலவழிக்கிறார். அமெரிக்கர் அதைப்போல எட்டு மடங்குக்கு மேல். 2023-ல் துபாயில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், ஆற்றல் திறன் (அதே வேலையைக் குறைந்த மின்சாரத்திலும் எரிபொருளிலும் முடிப்பது) கூடும் வேகத்தை 2030-க்குள் இரு மடங்காக்குவோம் என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. எட்டு மடங்கு எரிப்பவரும் ஒற்றை ஃபேன்காரரும் ஒரே வரிசையில் நின்று குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், உங்கள் கிண்டலை அவரிடம் வையுங்கள். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் நம் ஊரிலும் எட்டு மடங்குக்காரர்கள் உண்டு. கதவைத் திறந்து போட்டு, ரோட்டுக்கே ஏ.சி. போடும் ஜவுளிக்கடையைப் பார்த்திருப்பீர்கள். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. எங்கள் ஆபீஸில் நேற்று வரை 19-ல் ஓடியது. மெய்ப்புப் பார்ப்பவர் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் கேள்வியைப் படித்த கையோடு 25 வைத்து, மேலே ஃபேனையும் போட்டுவிட்டேன். சால்வை நாற்காலியில் கிடக்கிறது. விளம்பரப் பிரிவிலிருந்து மட்டும் ஒரு புகார் வந்திருக்கிறது.