ஹவாய் தீவுகளில் அரசுப் பள்ளிகள் எப்படி?

வேலை மாறி ஹவாய் வருகிறோம், பிள்ளைகளை அரசுப் பள்ளியில் நம்பிச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஓவாஹு தீவில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் வீடு பார்ப்பதற்கு முன் பள்ளியைப் பாருங்கள்.

அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் ஊருக்கு ஊர் தனித்தனிப் பள்ளி மாவட்டம், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு; உள்ளூர் சொத்து வரி அதற்கு ஒரு பெரிய வருமானம். வசதியான ஊருக்கு நல்ல பள்ளி, பக்கத்து ஊருக்கு வாய்த்தது வாய்த்தபடி. ஹவாயில் எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து ஒரே மாவட்டம், 250க்கு மேல் பள்ளிகள். பணம் பெரும்பாலும் மாநிலப் பொது நிதியிலிருந்து வருகிறது. 2004இல் வந்த சட்டப்படி மாணவர் தலைக்கணக்கில் பிரித்து, ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கும் கூடுதலாக ஒதுக்குகிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

எல்லாம் ஒரே கையில் இருப்பதில் சங்கடமும் உண்டு. லானாய் தீவு முழுவதற்கும் ஒரே அரசுப் பள்ளி, மழலையர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை. அதற்கும் முடிவெடுப்பது மாநிலத் தலைநகர் ஹொனலுலுவில் இருப்பவர்கள். 2009-10இல் மாநிலத்துக்குப் பணத் தட்டுப்பாடு வந்தபோது, ஆசிரியர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு கொடுத்து வெள்ளிக்கிழமைகளில் பள்ளியை மூடினார்கள். ஒரு ஊர் மட்டும் தன் பணத்தில் திறந்து வைத்துக்கொள்ள வழியே இல்லை.

அப்புறம் ஆசிரியர் பற்றாக்குறை. வாடகையும் விலைவாசியும் யானை விலை என்பதால் வெளி மாநிலத்திலிருந்து வருபவர்கள் பலர் தங்குவதில்லை. தொலைதூரப் பள்ளிகளிலும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்புக் கல்வியிலும் இருக்கும் ஆசிரியர்களுக்கு 2020 முதல் சம்பளத்துக்கு மேல் தனித் தொகை தருகிறார்கள்.

இந்தத் தீவுகளின் பூர்வகுடி மொழியான ஹவாய் மொழிவழிப் பள்ளிகளும் இருக்கின்றன. 1896 சட்டம் ஆங்கிலத்தையே பயிற்று மொழியாக்கியது. 1978இல் ஹவாய் மொழி ஆட்சிமொழியாகி, 1987இல்தான் அரசுப் பள்ளி வகுப்பறைக்குத் திரும்பியது. அந்த மொழிவழிப் பள்ளிகளில் ஆங்கிலமே 5ஆம் வகுப்பில்தான் பாடமாக வரும்! நம்மூரில் எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள்?

வசதியுள்ளவர்கள் நிறையப் பேர் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். இங்கே புதிதாகப் பழகுபவர் கேட்கும் முதல் கேள்வியே 'எந்த ஹைஸ்கூலில் படித்தீர்கள்?' என்பதுதான். அதைக் கண்டு மிரள வேண்டாம்.

வீட்டு முகவரியை வைத்துத்தான் பள்ளி ஒதுக்குவார்கள். வேறு பகுதிப் பள்ளி வேண்டுமென்றால் தனி விண்ணப்பம் போட வேண்டும், இடமிருந்தால் கிடைக்கும். அடுத்த கல்வியாண்டுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள்.