விஸ்கிக்கு எவ்வளவு தண்ணீர், ஐஸ் எப்போது: கேள்வி பதில்

விஸ்கியில் தண்ணீரும் ஐஸும் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் செய்யும் வேலை வேறு, குளிர் செய்யும் வேலை வேறு. ஐஸ் போட்டால் இரண்டும் ஒன்றாக நடக்கும். பாதிக் குழப்பம் இதைப் பிரித்துப் பார்க்காததால் வருவது.

கேள்வி: அண்ணா, சிங்கிள் மால்ட்டை ராவாத்தான் குடிக்கணும், தண்ணி ஊத்தினா வேஸ்ட்னு எங்க செட்ல அடிச்சுச் சொல்றாங்க. நிஜமா?

நிஜமில்லை. சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி மட்டும் கொண்டு செய்த விஸ்கி) என்றாலும் நீங்கள் ரா என்று குடிப்பதிலேயே தண்ணீர் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இரண்டாவது வடிப்பில் இறங்கும் சாராயத்தில் ஆல்கஹால் ஏறக்குறைய 70%. அதில் தண்ணீர் சேர்த்துப் பெரும்பாலும் 63.5% ஆக்கித்தான் பீப்பாயில் நிரப்புகிறார்கள். குறைந்தது 3 வருடம், வழக்கமாக அதைவிட நெடுங்காலம் ஓக் பீப்பாயில் கிடந்து வெளியே வந்ததும் மறுபடி தண்ணீர் சேர்த்து 40, 43, 46% என்று இறக்கிப் பாட்டிலில் அடைக்கிறார்கள். 40%க்குக் கீழே போனால் சட்டப்படி அது ஸ்காட்ச் ஆகாது. பிளெண்டர்கள் (பல பீப்பாய் விஸ்கிகளைக் கலந்து சுவை அமைப்பவர்கள்) பீப்பாய் மாதிரிகளை மோந்து தரம் பார்ப்பது 20% அளவுக்கு நீர்க்கச் செய்த பிறகு. குறை எதுவும் ஆல்கஹாலின் நெடிக்குப் பின்னால் ஒளிந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

ராவாகக் குடித்துப் பிடித்திருந்தால் அப்படியே குடியுங்கள். ஆனால் தண்ணீர் விடுவதைத் தப்பு என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கேள்வி: ரெண்டு சொட்டுத் தண்ணியில அப்படி என்னதான் மாறுது? மனப்பிரமையா?

மனப்பிரமை இல்லை. நாக்கிலும் மூக்கிலும் தனித்தனியாக ஒன்று நடக்கிறது.

முதலில் நாக்கு. மிளகாயின் காரத்தையும் சூட்டையும் உணர்வது ஒரே ஏற்பி. சாதாரணமாக அது 42 டிகிரி செல்சியஸ் அளவில்தான் எரிச்சலைச் சொல்லும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதாவது உங்கள் வாயின் சொந்தச் சூடே எரிச்சலாகத் தெரியும். அந்த எரிச்சல் இருக்கும்வரை தேனோ பழமோ மூளைக்கு எட்டாது. தண்ணீர் அதைத் தணிக்கிறது.

அடுத்து மூக்கு. 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரிட்மன் இருவரும் கணினி உருவகத்தில் குவையகால் என்ற மூலக்கூறை ஆராய்ந்தார்கள். விஸ்கியின் புகை மணத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆல்கஹால் 45% வரை இருக்கும்போது குவையகால் திரவத்தின் மேற்பரப்பில் ஒதுங்கி நிற்கிறது. 59%க்கு மேல் போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மேற்பரப்புக்கு வந்தால்தானே மூக்குக்கு வரும். ஆனால் இது ஒரே ஒரு மணப்பொருளை வைத்து, தண்ணீர், ஆல்கஹால் மட்டுமே உள்ள கலவையில் பார்த்தது. உண்மையான விஸ்கியில் நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உண்டு. எல்லாமே மேலே வந்துவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. சில மணங்கள் தண்ணீர் பட்டதும் அடங்கவும் செய்யும்.

வெளிச்சத்துக்கு நேராக கிளாஸைப் பிடித்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். எண்ணெய் இழை போல நெளிநெளியாக இறங்கிச் சுழன்று, சில விநாடியில் காணாமல் போகும். தண்ணீரும் ஆல்கஹாலும் ஒளியை வேறு வேறு அளவில் வளைப்பதால் தெரியும் கோடுகள் அவை. ஆல்கஹால் அதிகமுள்ள விஸ்கியில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: சார், "கொஞ்சம் தண்ணீர்" என்றால் எவ்வளவு? அளவாகச் சொல்லுங்கள்.

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது.

முதலில் சாமான்கள். 30 மி.லி. அளவு கோப்பை, வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் (கிளென்கெய்ர்ன் கிடைத்தால் நல்லது, சிறிய ஒயின் கிளாஸும் போதும்), மருந்துக்கடையில் கிடைக்கும் டிராப்பர். டிராப்பரில் ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி.

30 மி.லி. ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். வாயை லேசாகத் திறந்தபடி மோந்து பாருங்கள், மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்க வேண்டாம். ஒரு வாய் ராவாகச் சுவையுங்கள். பிறகு 1 மி.லி. தண்ணீர். மெதுவாகச் சுழற்றி மறுபடி இரண்டு நிமிடம். மோந்து, ஒரு சின்ன வாய். இப்படியே 1 மி.லி. வீதம் ஏற்றுங்கள். மூக்கின் உள்பக்கக் குத்தல் போய், முன்பு இல்லாத ஒரு மணம் (ஆப்பிள், தேன், உலர்ந்த திராட்சை, எதுவாகவும் இருக்கலாம்) தலைகாட்டும் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள்.

தாண்டிவிட்டீர்கள் என்பதற்கும் அடையாளம் உண்டு: நனைந்த அட்டைப்பெட்டி வாடை, நடு நாக்கில் வெறும் தண்ணீர்த்தனம், விழுங்கிய பின் மரக்கசப்பு மட்டும் தங்குவது.

கணக்காக வேண்டுமென்றால் சூத்திரம் இது: பாட்டிலில் போட்டிருக்கும் ஆல்கஹால் அளவை நீங்கள் விரும்பும் அளவால் வகுங்கள், 1ஐக் கழியுங்கள், விஸ்கியின் மி.லி.யால் பெருக்குங்கள். 60% விஸ்கி 30 மி.லி.யை 45%க்கு இறக்க 10 மி.லி. தண்ணீர். 46ஐ 40 ஆக்க 4.5 மி.லி. இந்தியாவில் வழக்கமான 42.8ஐ 36 ஆக்க 5.7 மி.லி.

என் பரிந்துரை: 40 முதல் 43% வரை உள்ளவற்றுக்கு 1 முதல் 3 மி.லி., 46க்கு 2 முதல் 5, 50ஐ ஒட்டியவற்றுக்கு 5 முதல் 8, 60க்கு 8 முதல் 12 மி.லி. 25 வருடம், அதற்கு மேல் பீப்பாயில் கிடந்ததற்கு மட்டும் சொட்டுக் கணக்குதான். அந்த வயதில் மரத்தின் துவர்ப்பு நிறைய ஏறியிருக்கும், தண்ணீர் அதை முன்னால் தள்ளிவிடும்.

மேல் எல்லைக்கும் ஒரு ஆதாரம் இருக்கிறது. 2023இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 25 விஸ்கிகளைப் பல அளவுகளில் நீர்க்கச் செய்து சோதித்தார்கள். கலவையில் தண்ணீரின் பங்கு 20%ஐத் தாண்டியதும், ஒரே வகை விஸ்கிகளுக்குள் ஒன்றுக்கொன்று இருந்த வித்தியாசம் மங்கத் தொடங்கியது. 30 மி.லி.க்கு அது 7.5 மி.லி. விலை கொடுத்து வாங்கிய பாட்டிலின் தனித்தன்மை வேண்டுமென்றால் அந்த அளவை மனதில் வையுங்கள். காஸ்க் ஸ்ட்ரெங்த் (பீப்பாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் சேர்க்காமல் அடைத்தது) மட்டும் சற்றுத் தாண்டலாம்.

கேள்வி: லஃப்ராய்க் 10 வாங்கினேன். குழாய்த் தண்ணி விட்டதும் டெட்டால் மாதிரி ஆயிடுச்சு. டூப்ளிகேட்டா அண்ணா?

அதை வைத்து டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் செய்யும் லஃப்ராய்க், ஆர்ட்பெக், லாகவுலின் மூன்றிலும் மால்ட்டைப் பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய தாவர எரிபொருள்) புகையில் உலர்த்துவதால் பீனால், கிரெசால் வகைப் பொருள்கள் ஏறும். மருந்து வாடை ஓரளவு பிறவியிலேயே உண்டு. தண்ணீர் விட்ட பிறகு அது திடீரென்று கூடினால் குற்றவாளி தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் பீனாலோடு சேர்ந்து குளோரோபீனால் ஆகிறது. அது மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும் கிருமிநாசினி வாடை. புகை மணமுள்ள விஸ்கியில் பீனால் அதிகம், அதனால் அங்கே முதலில் தெரியும்.

தண்ணீரைச் சோதிக்க, பாதி பாட்டில் தண்ணீரை மூடிக் குலுக்கி, திறந்ததும் மோந்து பாருங்கள். ஏதாவது வாடை வந்தால் விஸ்கிக்கு ஆகாது. குளோரின் என்றால் கொதிக்கவைத்து ஆறவிட்டால் போய்விடும், அகலப் பாத்திரத்தில் ஒரு இரவு திறந்து வைத்தாலும் குறையும். சில நகரங்களில் குளோராமின் கலக்கிறார்கள். அது அப்படிப் போகாது, கார்பன் ஃபில்டர் வேண்டும்.

உப்புத் தண்ணீரும் கடினத் தண்ணீரும் மணத்தை மந்தமாக்கும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு மி.கி.) 100க்குள் இருப்பது நல்லது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை 500 வரை ஏற்கிறது, ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் எல்லாம் விஸ்கிக்கு நல்ல தண்ணீர் ஆகிவிடாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் தாராளமாகப் போதும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கிளாஸ்கோ நகரத்துக்கு 1859 முதல் லாக் கேட்ரின் ஏரியிலிருந்து மென்மையான தண்ணீர் வருகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லையில் பாதி இல்லை.

கேள்வி: ஐஸ் போட்டா டேஸ்ட் போயிடும்னு சொல்றாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஐஸ் இல்லாம எப்படி?

குளிரக் குளிர மணப்பொருள்கள் ஆவியாவது குறையும், நாக்கு இனிப்பை உணர்வதும் குறையும், கசப்பும் மரத்தன்மையும் முன்னுக்கு நிற்கும். மெல்லிய மணமுள்ள மால்ட்டுக்கு இது இழப்பு. கெட்டியான இனிப்புள்ள போர்பனுக்கு (அமெரிக்கச் சோள விஸ்கி) ஐஸ் நன்றாகவே பொருந்தும். பீப்பாயின் வனிலா குளிரிலும் எளிதில் அடங்காது.

30 டிகிரி அறையில் 60 மி.லி. விஸ்கியை 5 டிகிரிக்குக் குளிர்விக்க, உருகும் நிலையில் உள்ள ஐஸ் சுமார் 16 கிராம் கரைய வேண்டும். அதாவது கேட்காமலே 16 மி.லி. தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. 42.8% இருந்தது 34%க்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகும் கரைவது நிற்பதில்லை. எனவே ஐஸ் போட்டால் தனியாகத் தண்ணீர் விடாதீர்கள்.

இங்கே கட்டியின் அளவு முக்கியம். 5 செ.மீ. பக்கமுள்ள ஒரே கனசதுரமும், அதே எடைக்கு 2.5 செ.மீ. கட்டிகள் எட்டும் எடுத்தால், சின்னவற்றின் மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்கு. கரைவதும் அதற்கேற்ப வேகம். பொடி ஐஸ் இன்னும் மோசம். ஈரம் படிந்து வழுக்கும் ஐஸையும் தவிருங்கள், அதன் மேல் ஒட்டியிருப்பது ஏற்கெனவே தண்ணீர்.

வெயிலுக்கு இன்னொரு வழி: கிளாஸைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள், குளிர்ந்த தண்ணீரை அளந்து விடுங்கள். 18, 20 டிகிரி வாக்கில் மணமும் இருக்கும், இதமும் இருக்கும்.

கேள்வி: கரையாத விஸ்கி கல் வாங்கலாமா?

பலன் சொற்பம். ஐஸ் குளிர்விப்பது பெரும்பாலும் கரைவதன் மூலம்தான், ஒரு கிராமுக்கு 334 ஜூல் இழுக்கும். கல் கரையாது. 20 கிராம் கல் மூன்றை ஃபிரீசரிலிருந்து எடுத்துப் போட்டால் 60 மி.லி. விஸ்கி எட்டுப் பத்து டிகிரிதான் இறங்கும்.

கேள்வி: ஐஸ் போட்டதும் விஸ்கி கலங்கலாகிவிட்டது. கெட்டுப்போனதா?

கெடவில்லை. நீண்ட சங்கிலி எஸ்டர்கள் (எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்கள்) ஆல்கஹாலில் கரைந்திருக்கும். ஆல்கஹால் குறைந்தாலோ குளிர்ந்தாலோ நுண்ணிய துளிகளாகப் பிரிந்து மங்கலாகத் தெரியும். கடையில் பார்ப்பதற்குத் தெளிவாக இருக்க வேண்டுமென்று பல நிறுவனங்கள் விஸ்கியைக் குளிர்வித்து இவற்றை வடிகட்டிவிடுகின்றன. அப்படி வடிகட்டாதவை பெரும்பாலும் 46% அல்லது அதற்கு மேல் வரும், அந்த அளவில் கலங்காது. வடிகட்டாத விஸ்கியின் வழவழப்பு எனக்கு உயர்வாகவே படுகிறது. கலங்கலைக் கண்டால் சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: காஸ்க் ஸ்ட்ரெங்த் பாட்டில் கிடைத்தது. மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக விடலாமா?

விடாதீர்கள். ஆல்கஹாலும் தண்ணீரும் சேரும்போது சூடு பிறக்கும், கலவை கொஞ்ச நேரம் கலைந்து கிடக்கும். உடனே மோந்தால் ஸ்பிரிட் நெடி மட்டும் எழும்பி ஏமாற்றும். அபர்லவர் அபுனா போல 60%ஐ ஒட்டியதில் முதலில் 5 மி.லி., ஐந்து நிமிடம் கழித்து 1 மி.லி. வீதம். முக்கியமாக, பாதி விஸ்கியை வேறு கிளாஸில் ஒதுக்கி வையுங்கள். அதிகமாகிவிட்டால் அதைச் சேர்த்துச் சரிசெய்யலாம், தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: ஜப்பானில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் கலக்கிறார்களே, அது உங்கள் கணக்குக்கு முரண் இல்லையா?

நோக்கமே வேறு. மிசுவாரி என்பது சாப்பாட்டோடு குடிக்கும் பானம். உயரக் கிளாஸ் நிறைய ஐஸ், விஸ்கியை ஊற்றி நன்றாகக் குளிரும்வரை கிளறல், கரைந்த இடத்துக்கு ஐஸ் சேர்த்து, குளிர்ந்த தண்ணீர் 2 முதல் 2.5 பங்கு, பிறகு மூன்று நான்கு சுற்று மட்டும். முதல் கிளறலை அவசரப்படுத்தினால் பிறகு ஊற்றும் தண்ணீர் ஐஸைக் கரைத்துப் பானம் சப்பென்று ஆகும். ஐஸ் இல்லாமல் விஸ்கியும் தண்ணீரும் சமபங்காகக் கலந்தால் அதற்கு ட்வைஸ் அப் என்று பெயர். மோந்து பார்க்க அருமையான முறை.

சோடாவும் இந்தக் கணக்கில்தான்: ஒன்றுக்கு மூன்று, இரண்டுமே குளிர்ந்திருக்க வேண்டும், சோடாவை ஓரமாக ஊற்றி ஒரே ஒரு முறை கிளறுங்கள். குமிழி தரும் புளிப்பு மெல்லிய மணங்களை மறைக்கும் என்பதால் விலை கூடிய மால்ட்டை இதற்கு எடுக்க வேண்டாம்.

கேள்வி: பாரில் தருவது போல கண்ணாடி மாதிரி ஐஸ் வீட்டில் வருமா?

வரும். தெர்மாகோல் பெட்டி அல்லது சின்ன ஐஸ் பெட்டியில் ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி, மூடாமல் ஃபிரீசரில் வையுங்கள். மேலிருந்து கீழாக உறையும்போது காற்றும் உப்பும் அடியில் தள்ளப்படும். 18 முதல் 24 மணி நேரத்தில், அடிப்பகுதி தண்ணீராக இருக்கும்போதே எடுத்து, ரொட்டிக் கத்தியால் கீறித் தட்டி உடையுங்கள். பயன்படுத்தும் முன் ஓரிரு நிமிடம் வெளியே வைத்தால் விஸ்கி பட்டு விரிசல் விடாது. மீன் இருக்கும் ஃபிரீசரென்றால் ஐஸை மூடிய டப்பாவில் மாற்றிவிடுங்கள், வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: தண்ணீர் கலந்தால் போதை குறையுமா?

கிளாஸில் உள்ள ஆல்கஹால் ஒரு துளியும் குறையாது. 42.8% விஸ்கி 30 மி.லி.யில் சுமார் 10 கிராம் ஆல்கஹால், அதில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அதே 10 கிராம். தொண்டை எரியாததால் வேகமாகக் குடித்துவிடும் ஆபத்துதான் கூடுகிறது. ஊற்றும்போதே விஸ்கியை அளந்து ஊற்றுங்கள், கலந்த பிறகு கிளாஸைப் பார்த்துக் கணக்கு வைக்க முடியாது.