முதியோர் கையில் தீயணைப்பான்: கேள்வி பதில்

கேள்வி: வயது 74. விரல் மூட்டுகளில் வலி. என்னால் தீயணைப்பானை இயக்க முடியுமா?

பதில்: வாங்கும் முன் கையில் தூக்கிப் பாருங்கள் ஐயா. தீயணைப்பானில் 6 கிலோ என்று எழுதியிருந்தால், அது உள்ளிருக்கும் தூளின் எடை மட்டுமே. உருளையோடு சேர்த்தால் கணிசமாகக் கூடும். உங்களுக்கு 1 அல்லது 2 கிலோ உலர்தூள் வகை ஏற்றது. ஆனால் சுமார் 10 நொடிகளில் தீர்ந்துவிடும். குப்பைக்கூடை அளவுத் தீக்குத்தான் அது. கைப்பிடியில் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசியை (pin) உருவும்போது கைப்பிடியை அழுத்தாதீர்கள், ஊசி இறுகிக்கொள்ளும். பதற்றத்தில் பலரும் தடுமாறுவது இங்கேதான். தரையில் நிறுத்தி உருவுங்கள். பிறகு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து அழுத்தி, இடமும் வலமும் வீசுங்கள். வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

கேள்வி: அம்மா ஊன்றுகோலோடு நடப்பவர், தனியாக வசிக்கிறார். எங்கே மாட்டலாம்?

பதில்: வெளியேறும் கதவருகே, அவருக்கு எட்டும் உயரத்தில். அடுப்புக்கு அருகில் வேண்டவே வேண்டாம். ஆனால் ஊன்றுகோலை விட்டுவிட்டு அவர் தீயோடு போராடுவதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அவர் வெளியேறட்டும், கதவைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து தீயணைப்புத் துறையை அழைக்கட்டும். முதலில் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள். அவருக்கு அதுதான் அதிக நேரம் வாங்கித் தரும்.

கேள்வி: வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால்?

பதில்: தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் சிதறும். கை எட்டினால் அடுப்பை அணைத்து, உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள், வாணலியை நகர்த்தவும் வேண்டாம்.

கேள்வி: கணவருக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்கிறோம். தீயணைப்பான் இருந்தால் போதுமா?

பதில்: போதாது அம்மா. ஆக்சிஜன் உடையிலும் படுக்கையிலும் தங்கும். அப்போது ஒரு பொறி விழுந்தாலும் மிக வேகமாகப் பரவும். அவர் அருகில் புகைபிடித்தல், அடுப்பு, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. அவரை வெளியே கொண்டுபோக யார் உதவுவார்கள் என்பதையும் இன்றே பேசி முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: தீயணைப்பானை ஒரு முறை லேசாக அழுத்திப் பார்த்தேன். அழுத்தம் காட்டும் முள் பச்சையில்தான் நிற்கிறது. அப்படியே வைத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். வால்வில் தூள் சிக்கி, அழுத்தம் மெல்லக் கசியும். உடனே நிரப்பக் கொடுங்கள், அல்லது புதிதாக வாங்குங்கள்.