புதன்கிழமை தோறும் காய்ச்சலா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பதற்ற நோய்க்காக வாரம் ஒருமுறை, புதன்கிழமை காலையில் கவுன்சலிங் அழைத்துப் போகிறேன். பள்ளிக்குக் காய்ச்சல், வயிற்றுவலி என்றே லீவ் லெட்டர் கொடுத்து வந்தேன். இப்போது வகுப்பாசிரியை துருவிக் கேட்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாமா?

பதில்: நான்கு புதன்கிழமை தொடர்ந்து காய்ச்சல் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அது இருக்கட்டும். அந்த லெட்டரைப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் மகள்தானே? தனக்கு வந்திருப்பது வெளியே சொல்லக் கூடாத ஒன்று என்று வாராவாரம் அவள் கையிலேயே எழுதிக் கொடுத்து அனுப்புகிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

பொய்யும் வேண்டாம், முழுக்கதையும் வேண்டாம். 'மருத்துவ ஆலோசனைக்காக' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டால் போதும். பல் டாக்டரிடம் போய்வந்தால் எந்தப் பல் என்றா கேட்கிறார்கள்? சிகிச்சை தருபவரிடம் வந்துபோன நேரத்துக்கு மட்டும் சான்று வாங்குங்கள். நோயின் பெயர் அதில் வர வேண்டியதில்லை. பள்ளி வற்புறுத்தினால், மகளைக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2019-லேயே மனநலக் காரணத்துக்கான லீவைச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. இல்லினாயில் 2022 முதல் ஆண்டுக்கு 5 நாள் வரை மருத்துவச் சான்றே கேட்பதில்லை.

அப்புறம், ஒரு மணி நேரக் கவுன்சலிங்குக்கு முழுநாள் லீவ் எதற்கு? பதற்றத்துக்குத் தீனியே ஒதுங்கிப் போவதுதான். இன்று பள்ளிக்குப் போகாததில் கிடைக்கும் நிம்மதி, நாளை வாசலை மிதிப்பதை இன்னும் கடினமாக்கும். முடிந்ததும் நேரே பள்ளியில் விட்டுவிடுங்கள், இரண்டு பீரியட்தான் மிச்சம் என்றாலும் சரி.

நேரத்தையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு வாராவாரம் கணக்குப் பீரியட்டே தவறியது. நடந்த பாடம் புரியாமல், கடைசியில் கணக்கு வகுப்பு என்றாலே கை வியர்க்க ஆரம்பித்துவிட்டது. நாங்களே ஒரு பயத்தைச் சேர்த்துவிட்டோம்! கடைசி பீரியடுக்கு மாற்றிய பிறகுதான் சரியானது.

கவுன்சலிங் இல்லாத நாட்களிலும் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டால், லீவ் போடுவதற்கு முன் கவுன்சலரிடம் பேசிவிடுங்கள். வலி பொய்யாக இருக்காது. பதற்றம் வயிற்றையும் பிடிக்கும்.

தோழிகள் கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் மகளே முடிவு செய்யட்டும். 'ஒரு அப்பாயின்ட்மென்ட் இருந்தது' என்றால் அதுவே உண்மைதான்.